ஆமத்தூர் கேட்டில் என் கார் போட்ட வெடி

யூடியூபில் கார் ரிப்பேர் சொல்லித் தருகிறானே ஓர் ஆள், அவன் பொய்யன். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்கியவன். அவனை நம்பிய நான் மடையன், அதையும் இப்போதே எழுதிவிடுகிறேன்.

போன வருடம் தீபாவளி சீசன். சிவகாசியில் நான் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கிறேன். என் கார் கார்புரேட்டர் காலத்துப் பழசு. என்ஜினை ஓடவிட்டுச் சும்மா நின்றால் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கும், சில நேரம் அணைந்தே போகும். மெக்கானிக்கிடம் விட்டால் இரண்டு நாள் ஆகும். ஆமத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அன்றைக்கே லேபிள் போயாக வேண்டும். போகாவிட்டால் மிச்ச ஆர்டர் வேறு அச்சகத்துக்கு என்று அந்தக் கம்பெனி மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"ஒரே ஸ்க்ரூ, ரெண்டே நிமிசம்" என்றான் வீடியோவில். என் கார்புரேட்டரில் இரண்டு ஸ்க்ரூ இருந்தது. எது என்ஜின் வேகத்துக்கு, எது பெட்ரோல்-காற்றுக் கலவைக்கு என்று தெரியாது. இரண்டையும் திருகினேன். நடுக்கம் நின்றது, ஆனால் வண்டி நின்ற இடத்திலேயே லாரி மாதிரி உறுமியது. "இது ஓடுறதுக்கா, பறக்கிறதுக்கா?" என்றாள் என் மனைவி. லேபிள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

கம்பெனி கேட் வந்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் சைலன்சரில் 'டமார்'. பின்னாலேயே இன்னொன்று.

வேறு ஊராக இருந்தால் திரும்பிப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். இங்கே திரும்பிப் பார்க்க எவனும் நிற்கமாட்டான். அறுபது பேர் ஷெட்டுகளை விட்டு வெறுங்காலோடு கருவேலங்காட்டுக்குள் பாய்ந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் மேனேஜர். வாட்ச்மேன் மட்டும் மணல் வாளியோடு ஓடிவந்து என் பானட்டில் கொட்டினார்.

புகை இல்லை என்று தெரிந்ததும் முள் குத்திய கால்களோடு திரும்பி வந்தார்கள். "என்ன அண்ணாச்சி, எம் புள்ளைக முகம் கண்ணு முன்னால வந்துட்டுப் போச்சே" என்றாள் ஓர் அக்கா. பானட்டில் கிடந்த மணலைக் கையால் வழித்துத் தள்ளினேன்.

மேனேஜர் லேபிளை இறக்க விடவில்லை. "வண்டிய இங்கிருந்து எடுங்க!"

"ஸ்டார்ட் பண்ணுனா திரும்ப வெடிக்கும் சார்."

"அய்யோ, எடுக்காதீக!"

கடைசியில் பத்துப் பேர் சேர்ந்து மெயின் ரோடு வரைக்கும் தள்ளினார்கள். அங்கே பானட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தேன். தள்ள வந்திருந்த அதே அக்கா, ஓடுகிற என்ஜினைக் கை காட்டினாள். "இங்கன உஸ்ஸுன்னு வருதே, உங்களுக்குக் கேக்கலையா?" எனக்குக் கேட்கவில்லை. வெடிமருந்து அறையில் பல வருடம் உஸ் சத்தத்துக்குப் பயந்தே வேலை பார்த்த காது அது. கார்புரேட்டர் பக்கம் விரலளவு ரப்பர் டியூப் ஒன்றை இறுக்கிப் பிடித்தாள், என்ஜின் சத்தமே மாறியது. டியூபில் கீறல். காற்று அதன் வழியாகப் புகுந்துதான் அத்தனை நாள் நடுக்கம். வாட்ச்மேன் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டித் தர, அக்கா அதைச் சுற்றிச் சணலால் இறுக்கினாள். "வெடி கட்டுற கை, அவுராது." நான் தடவித் தடவி ஸ்க்ரூக்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். வண்டி சாதுவாக நின்றது.

ஆனாலும் காரை கேட் பக்கம் விடவில்லை. லேபிள் கட்டுகளை நான் ஒருவனே தலையில் சுமந்து பதினோரு நடை நடந்தேன். மிச்ச ஆர்டர் கையை விட்டுப் போகாமல் தப்பியது.

இன்றைக்கும் எந்தப் பட்டாசுக் கம்பெனியைத் தாண்டினாலும் என் கால் ஆக்சிலேட்டரிலிருந்து தானாகவே மெதுவாகத்தான் எழும்புகிறது; அந்த அக்காவின் முகம் அப்படிப் பழக்கிவிட்டது. நடந்ததை அந்த வீடியோவின் கீழே கமெண்டாகப் போட்டேன், அழித்துவிட்டான். ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் ரப்பர் டியூபைப் பார் என்று ஏன் சொல்லவில்லை? கருவேலங்காட்டில் ஓடிய அறுபது பேரும் பார்க்கிற மாதிரி, அவன் வீடியோவிலேயே முகத்தைக் காட்டிப் பதில் சொல்லட்டும்.