வெர்லீன் கில்லிகினும் நான்காம் கொட்டகையும்

2022 அக்டோபர் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, கார்லண்ட் ஸ்டைரன் தம் படகுப் பட்டறையின் பின்புறம் கிடந்த பதினொரு படகுகளின் மீது ஆரஞ்சு நிறத்தில் பெருக்கல் குறி போட்டார். குறி விழுந்த படகுகளை மாத முடிவில் ஓர் இயந்திரம் வந்து நொறுக்கும். லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். ஏழாவது குறி விழுந்தது வெர்லீன் கில்லிகினின் இருபத்து மூன்றடி ஃபைபர் படகில்.

அன்று மாலையே வெர்லீன் பட்டறைக்கு வந்தாள். குறியைப் பார்த்தாள். விரலால் தொட்டு, பெயின்ட் காய்ந்துவிட்டதா என்றும் பார்த்தாள். பிறகு கார்லண்டின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"சனிக்கிழமை காப்பிக்கு என் பேர எழுதிக்கோ."

கார்லண்ட் தலை நிமிராமல் கேட்டார்: "எதுக்கு?"

"நாலாம் நம்பர் கொட்டகை காலியாத்தானே கெடக்கு?"

அந்தச் சனிக்கிழமைக் காப்பிக்கு அஞ்சாதவர்கள் அந்தக் கரையில் குறைவு. புதுப்பிக்கப் போகிறேன் என்று கொட்டகையைப் பிடித்து, இரண்டு வாரம் தேய்த்துவிட்டுக் காணாமல் போனவர்களால் கார்லண்ட் நிறையப் பட்டுவிட்டார். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கொட்டகை வேண்டுபவர் தம் திட்டத்தை எழுதிக் கொண்டுவந்து, பட்டறையில் கூடியிருப்பவர்கள் முன்னிலையில் உரக்கப் படிக்க வேண்டும். கேட்பவர்கள் அதைப் பிய்த்துப் போடுவார்கள். பிய்த்த பிறகும் ஏதாவது மிஞ்சினால் கொட்டகை உண்டு. பதினாறு ஆண்டுகளில் நான்கு பேருக்குத்தான் மிஞ்சியிருந்தது.

வெர்லீன் 1959இல், கோர் சவுண்ட் நீர்ப்பரப்பின் ஓரத்தில், நண்டுக்கறி உரிக்கும் கூடத்திலிருந்து முந்நூறு அடி தள்ளியிருந்த வீட்டில் பிறந்தவள். பதினைந்து வயதில் அதே கூடத்தில் கத்தி பிடித்தாள். 1980இல் டாயில் கில்லிகினை மணந்தாள். 1984இல், நண்டு உரித்துச் சேர்த்த பணத்தில், ஐந்து வயதான அந்தப் படகைத் தன் பெயரிலேயே வாங்கினாள். சுற்றிலும் நடந்து தூண்டில் போட வழிவிட்டு, நடுவில் மட்டும் ஸ்டீயரிங் மேடை நிற்கும் படகு அது. மரப்படகைத் தவிர வேறெதையும் மதியாத டாயில் அதைக் குளியல் தொட்டி என்றார். ஒரு கோடை முழுவதும் அப்படிச் சொன்னார். அடுத்த கோடையில் அதை விட்டு இறங்கவில்லை. அதன் பிறகு ஊருக்கு அது டாயில் படகு.

1986 முதல் முப்பத்தொரு ஆண்டுகள் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். கோடை விடுமுறைகளில் வஞ்சிரம் தேடிக் கணவரோடு கடலுக்குப் போனாள். 1996 ஜூலையில், கரையிலிருந்து இருபத்தெட்டு மைல் தொலைவில், மீனை இழுத்துப்போடும் கொக்கி டாயிலின் உள்ளங்கையில் பாய்ந்து மறுபுறம் வந்தது. வாடைக்காற்று எதிர்த்து அடிக்க, நான்கு மணி நேரம் படகை ஓட்டிக் கரை சேர்த்தவள் வெர்லீன். கரையில் அது டாயில் கையில் கொக்கியோடு வீடு வந்த கதையாகத்தான் சொல்லப்பட்டது. ஓட்டி வந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. டாயில் 2018இல் இறந்தார். படகு பட்டறையின் பின்புறம் போனது அந்த ஆண்டில்தான்.

எட்டாம் தேதி காலை, காப்பிப் பாத்திரத்தைச் சுற்றி நான்கு ஆண்கள் இருந்தார்கள். கார்லண்ட், அவரிடம் வேலை செய்யும் ஆட்டிஸ், டெல்மஸ் என்ற அண்ணன் தம்பிகள், அழைப்பில்லாமல் வந்திருந்த எல்பர்ட். எல்பர்ட் டாயிலின் அண்ணன். சாஸேஜ் ரொட்டியை மென்றுகொண்டே அவர்தான் தொடங்கினார்.

"கேப்டன் வந்தாச்சு. எல்லாரும் தொப்பியக் கழட்டுங்கப்பா."

"உங்க தொப்பி இருக்கட்டும் எல்பர்ட். காலங்காத்தால அந்த மண்டைய யாரு பாக்குறது?"

வெர்லீன் ஏழு பக்கங்களைக் கொண்டுவந்திருந்தாள். நின்றபடி படித்தாள். எஞ்சின் மாட்டும், ஃபைபருக்குள் மரம் வைத்த பின்பலகையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தது. எட்டு இடங்களில் துளையிட்டதில் ஐந்தில் ஈரமும் கறுப்புமாக மரத்தூள் வந்தது. தளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டைகள் இரண்டும் உளுத்துப்போனது. எதையும் அவள் மறைக்கவில்லை.

டெல்மஸ் குறுக்கிட்டான். "தளத்த வெட்டி எடுத்தா உடம்பு முறுக்கிக்குமே அக்கா?"

"மூணாம் பக்கம். வெட்டுறதுக்கு முன்னாடி ஆறு எடத்துல முட்டுக் கொடுக்கிறேன். குறுக்க ரெண்டு சட்டம்."

"பெட்ரோல் டேங்க்?" என்றான் ஆட்டிஸ்.

"அஞ்சாம் பக்கம். நீ காப்பியக் குடி, ஆறுது."

கார்லண்ட் குவளையைக் கீழே வைத்தார்.

"பழைய எஞ்சின் என்ன எடை?"

"நானூத்தி இருபது பவுண்டு."

"இப்போ மாட்டப் போறது?"

"ஐநூத்தி அறுபத்திரண்டு."

"அங்கதான் இருக்கு சங்கதி. அந்தக் காலத்துப் படகு, அந்தக் காலத்து எஞ்சினுக்குச் செஞ்சது. புதுச மாட்டுனா பின்பக்கம் அமுங்கி உக்காந்துக்கும். தளத்துத் தண்ணி வெளிய போற துளை இருக்கே, அதுவழியா கடல் உள்ள வரும். உனக்குத் தெரியாததா? மரத்த மாத்தலாம் வெர்லீன். படகோட உருவத்த மாத்த முடியாது."

எல்பர்ட் தொடையில் தட்டிக்கொண்டார். "முடிஞ்சுது! படகுக்கு ஒரு மாலைய வாங்கிப் போட்டுட்டு வாங்க, போவோம்."

"ஆறாம் பக்கம்," என்றாள் வெர்லீன்.

"அதுல என்ன எழுதியிருக்க?"

அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். மேலே ஒரு தலைப்பு மட்டும் இருந்தது: தளத்தின் உயரம். அதன் கீழே வெறும் தாள்.

"இத நிரப்பத்தான் உங்களக் காக்க வச்சிருக்கேன். எந்திரிங்க. எல்லாரும் மீன் தராசுல ஏறுங்க."

யாரும் அசையவில்லை. வெர்லீன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்திருக்க, குளிர்காற்று உள்ளே அடிக்க, கடைசியில் ஆட்டிஸ்தான் எழுந்தான். தராசில் ஆட்டிஸ் நூற்று எண்பத்தெட்டு, டெல்மஸ் நூற்று எழுபத்தொன்று, கார்லண்ட் நூற்றுத் தொண்ணூற்றாறு. எஞ்சின் எடைக்குக் குறைந்த ஏழு பவுண்டுக்கு அவள் ஒரு சங்கிலித் துண்டை நிறுத்து எடுத்தாள்.

"எஞ்சின் ரெடி," என்றாள்.

"எஞ்சின் படகுக்கு வெளியதான தொங்கும்? நாங்க உள்ள நிப்போம். கணக்கு தப்பு," என்றார் கார்லண்ட்.

"வெளிய தொங்குற பாரத்துக்கு ஈடா உள்ள இன்னொரு ஆள் வேணும். அதுக்குத்தான் எல்பர்ட். பின்பலகைக்கும் ஸ்டீயரிங் மேடைக்கும் நடுவுல நிக்கணும். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்கிட்ட காட்டிச் சரிபாத்துட்டேன்."

"நான் எதுக்கு? நான் வேடிக்கை பாக்க வந்தவன்."

"உள்ள நின்னு பாருங்க. இன்னும் நல்லாத் தெரியும்."

பழைய எஞ்சின் கழற்றப்பட்டிருந்த படகின் சோதனைத் துளைகளை அவள் முந்தின நாளே அடைத்து வைத்திருந்தாள். படகு தூக்கும் இயந்திரத்தின் பட்டைகளில் தொங்கியபடி படகு நீரில் இறங்கியது. பட்டைகளைத் தளர்த்தி மட்டும் விட்டார்கள், கழற்றவில்லை. மூன்று ஆண்களும் சங்கிலித் துண்டும் பின்பலகையை ஒட்டி நின்றார்கள். எல்பர்ட் முணுமுணுத்துக்கொண்டே தம் இடத்துக்குப் போனார். வெர்லீன் மரத்துறையில் குப்புறப் படுத்து, நீர் தொட்ட இடத்தை மெழுகுப் பென்சிலால் குறித்தாள்.

தளத்து வடிகால் துளைகளின் வழியே முதலில் ஒரு விரற்கடை நீர் எட்டிப் பார்த்தது. பிறகு சாவகாசமாக உள்ளே வந்து டெல்மஸின் காலணியைச் சூழ்ந்தது.

"வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு!" எல்பர்ட் கைதட்டினார். "நொறுக்குற வண்டிக்காரனுக்குப் போனப் போடு கார்லண்ட்!"

"ஆடாதீங்க எல்பர்ட், அளவு மாறுது," என்றாள் வெர்லீன். துறையில் படுத்தபடியே மடக்கு அளவுகோலைத் தளத்தில் ஊன்றினாள். "ரெண்டேகால் அங்குலம். பாதுகாப்புக்கு மேல ஒரு அங்குலம் சேத்தா மூணேகால்." ஆறாம் பக்கத்தை எடுத்து, துறையின் பலகை மீதே வைத்து எழுதினாள். "உளுத்த கட்டைய எப்படியும் எடுக்கணும். புதுக் கட்டைய மூணேகால் அங்குலம் உயரமாப் போடுவேன். தளம் மேல வரும், துளையும் மேல வரும். உருவத்த யாரு மாத்தச் சொன்னா?"

கார்லண்ட் தம் காலணியைச் சுற்றி நின்ற நீரைப் பார்த்தார். "அடியில இருக்கிற நுரைப்பஞ்சு தண்ணி குடிச்சிருக்கு. அது முந்நூறு பவுண்டாவது இருக்குமே. பஞ்ச எடுத்தா படகு மேல வந்துரும், இந்த அளவு நிக்காது."

"பஞ்சு போவும். ஐஸ் வரும், பெட்ரோல் வரும், மீன் வரும். இல்ல, நான் மீனில்லாம வருவேன்னு நினைச்சியா?"

ஆட்டிஸ் சிரித்துவிட்டான். டெல்மஸுக்கு மட்டும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. "தளம் மேல வந்தா பக்கச்சுவர் தாழ்ந்துருமேக்கா. அலையில தொடைக்கு முட்டுக் கிடைக்காது. ஆள் தவறி வெளிய விழுவான்."

"டாயில் விழுவாரு. அவரு ஆறடி ஒண்ணு. நான் அஞ்சடி ரெண்டு." அவள் எழுந்து, படகுக்குள் இறங்கி, பக்கச்சுவர் அருகே நின்றாள். உள்ளங்கையைப் படுக்கவைத்து, மூன்றேகால் அங்குலம் தாழ்ந்தால் சுவர் எங்கே வரும் என்று தன் உடலில் காட்டினாள். தொடையின் மேற்பகுதியில் வந்தது. "முப்பத்தெட்டு வருஷமா இது என் இடுப்ப இடிச்சுக்கிட்டு இருக்கு. இப்போதான் எனக்குச் சரியா வரப்போகுது."

அவளுடைய எடையும் சேர்ந்ததில் நீர் இன்னும் சற்று உயர்ந்தது. எல்பர்ட் தம் நனைந்த காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

கார்லண்ட் முதலில் கரையேறினார். நான்காம் கொட்டகைக்கு நடந்துபோய், சட்டைப்பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து, முன்தூணில் எழுதினார்: டாயில் கில்லிகின் படகு. ஈஸ்டர் வரை.

பின்னாலேயே வந்த வெர்லீன் அதைப் படித்தாள்.

"அவர் செத்து நாலு வருஷம் ஆச்சு கார்லண்ட். அவருக்கு எதுக்குக் கொட்டகை?"

கார்லண்ட் தூணையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "பழக்கம்," என்றார். உள்ளங்கையால் பெயரைத் தேய்த்து அழித்தார். மர நரம்புகளில் வெள்ளை ஒட்டிக்கொண்டு முழுதும் போகவில்லை. அவர் மறுபடி எழுதக் கையை உயர்த்துவதற்குள் வெர்லீன் சுண்ணக்கட்டியை வாங்கி, அந்த வெள்ளைத் தடத்தின் மேலேயே அழுத்தித் தன் பெயரை எழுதினாள். "ஈஸ்டர் வரை" என்பதை அவள் தொடவில்லை.

"படகுல இருக்கிற அந்தக் குறிய அழிச்சுக் குடுக்கட்டுமா?" என்றார் கார்லண்ட்.

"அது கெடக்கட்டும். அந்தப் பக்கந்தான் மொதல்ல தேய்க்கப் போறேன். ஆட்டிஸ், தேய்க்கிற மிஷினுக்குக் கரண்ட் எங்க எடுக்கணும்?"