என் முகமே போதும் என்றிருந்தேன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மதுரையிலிருந்து வெறுங்கையோடு வந்து, ஹைதராபாத் ஹப்சிகுடாவில் இட்லிக் கடை போட்டு, பிள்ளைகளை இன்ஜினியர் ஆக்கினேன். இன்றைக்கும் அந்தத் தெருவில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது.

வயசாகி, கடையை விட்டுவிட்டு, நானும் மனைவியும் நகரத்தின் இன்னொரு கோடியில், கொண்டாப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்தோம். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு அம்மா வந்து, முகவரியை மாற்றிக்கொள்ளச் சொன்னார். என் மனைவி உடனே எழுதிக் கொடுத்தாள். நான், "என் ஓட்டு ஹப்சிகுடாவுலதான். அங்க என் முகமே போதும்மா" என்று அனுப்பிவிட்டேன்.

ஓட்டுப் போடும் நாளில், வெயிலில் பஸ் மாறி மாறிப் போய், முட்டி வலிக்க வரிசையில் நின்றேன். உள்ளே பட்டியலோடு இருந்தவர் என் பழைய வாடிக்கைக்காரர். எழுந்து கும்பிட்டார்.

"அண்ணா, உங்க இட்லி சாப்பிட்டுத்தான் டிகிரி முடிச்சேன். ஆனா இங்க பேர் இல்லையே. வீடு மாறிட்டீங்கன்னு எடுத்துட்டாங்க."

"நான்தான் நேர்ல நிக்கிறேனே, தம்பி!"

"தெரியுதுண்ணா. பேர் இருந்தாத்தான் விட முடியும்."

அலுத்துப்போய் வீடு திரும்பினேன். மனைவி மை வைத்த விரலோடு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அடுத்த தெரு ஸ்கூல்தான். போனேன், போட்டேன், வந்துட்டேன். அங்க என்னை ஒருத்தருக்கும் தெரியாது."

அந்தத் தடவை நான் இல்லாமலே ஆட்சி அமைந்துவிட்டது. பிறகு முகவரியை மாற்றிக்கொண்டேன். இப்போதெல்லாம் தேர்தல் பேச்சு வந்தாலே, பட்டியலில் என் பேர் இருக்கிறதா என்று மகனை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.