பாட்டா வெட்டிய காடு

போன வாரம் வடசேரியில் பஸ் ஏறி மலையடிவாரம் வரை போய்வந்தேன். இடுப்பு வலி இன்னும் போகவில்லை. மனசு அதைவிட அலுத்துப்போயிருக்கிறது.

எல்லாம் என் பாட்டாவால் வந்தது... அப்பாவைப் பெற்றவர். யானை நடமாடிய காட்டில் முதல் ஆளாக வெட்டரிவாளோடு நுழைந்தவர். காய்ச்சலில் விழுந்து, எழுந்து, மறுபடியும் வெட்டி, அந்த இடத்தை இருபோக வயலாக்கினார். சர்க்காரில் தன் பேருக்குப் பதிந்தும் வைத்தார்.

பதிந்து என்ன? எங்கள் முறைப்படி சொத்து மகனுக்குப் போகாது. சகோதரி பிள்ளைக்கு, அதாவது மருமகனுக்குப் போகும். இப்போது பெற்ற மக்களுக்கும் பங்கு உண்டு என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது. நாஞ்சில் நாட்டில் யாரைப் பார்த்தாலும் செத்துப்போன தாத்தாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? என் தாய்மாமா வழியில் எனக்கு வந்த வயல் ஒன்று இருக்கிறது. பையன்களோ மூன்று பேர். போதுமா, சொல்லுங்கள்?

"பதிவுல பேரு இருந்தா மட்டும் போதாது. அவரு சுயமா சம்பாதிச்சதுன்னு காட்டணும்; காடு வெட்டுனது உம்ம பாட்டாதான்னு சொல்ல ஒரு சாட்சி வேணும்" என்றார் கோட்டாற்று வக்கீல். மாதக்கணக்கில் அலைந்தேன். விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் ஒரே ஒருவர் — இன்று அந்த வயலை அனுபவிக்கிறவர். பாட்டாவின் தங்கை மகளுக்கு மகன். எனக்கு அண்ணன் முறை.

சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் வரப்பிலேயே உட்காரச் சொன்னார்.

"காட்ட வெட்டுனது உங்க பாட்டாதான் மக்கா. நான் இல்லேம்பனா? எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்லுதேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்லவரா?

"அவரு வெட்டுனதாலதான அவருக்க தங்கச்சி பிள்ளையளுக்கு வந்தது? வேற எவனாம் வெட்டியிருந்தா எங்களுக்கு ஏது வயலு?"

"புதுச் சட்டம் வந்திருக்கே அண்ணாச்சி..."

"அது இனிமே சாவப்போறவனுக்கு மக்கா. உங்க பாட்டா முந்திக்கிட்டாருல்லா."

யோசித்துப் பாருங்கள். பாட்டாதான் வெட்டினார் என்று நான் நிரூபிக்க நிரூபிக்க, வயல் அண்ணாச்சிக்குத்தான் உறுதியாகிறது. இத்தனை நாள் அவருக்காகத்தான் பஸ் ஏறியிருக்கிறேன்!

களைத்துப்போய் வீடு திரும்பினால், வாசலில் ஒருவர் காத்திருந்தார். என் தாய்மாமாவின் மகன். வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த முகம் — எனக்குத் தெரியாதா அந்த முகம்?

"மச்சான், நீரு உழுகிற வயலு எங்க அப்பா காடு வெட்டித் திருத்துனதுதானே?" என்றார். குரலில் அத்தனை அசதி.

அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை நான். பேரனாக மாதக்கணக்கில் அலைந்தும் மண்டையில் ஏறாத சட்டத்தை, மருமகனாக நின்று ஒரு மூச்சில் அவருக்கு விளக்கிவிட்டேன்.