மெட்ராசுக்குப் போன ஓலை லாரி

அறுபதுகளின் பிற்பாதியில் ஒரு தேர்தல் முடிந்து வந்த கோடை அது. என் அண்ணன் மெட்ராஸில் கால்வாய்க் கரையோரம் ஒரு குடிசையில் அண்ணியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இருந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை. எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. நைனா ஊரார் வயலில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் செஞ்சியில் ஆரம்பப் பள்ளி டீச்சராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கால்வாய்க் கரையைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு இருந்தது. கடைத்தெருவில் ஓலை, சவுக்குக் கழி மண்டி வைத்திருந்தவர் ஜெயித்த கட்சிக்காரர். குடிசைகளை எடுத்துவிட்டு நாலு மாடியில் வீடு கட்டித் தரப்போகிறார்கள், வீட்டுக்கு வீடு குழாய் வரும் என்று டீக்கடையில் எல்லாருக்கும் சொன்னார். மெட்ராஸ் பஸ் ஓட்டுகிற டிரைவர் வேறு மாதிரி சொன்னார். அந்த நிலத்தின் மேல் பெரிய கம்பெனிக்காரர்களுக்குக் கண் இருக்கிறது, ஜனங்கள் தானாகப் போகாவிட்டால் நெருப்பு வைத்துத் துரத்துவார்கள் என்றார். அவர் எதிர்க் கட்சி.

நைனா என்னைத்தான் கேட்டார், எதை நம்புவது என்று. படித்தவள் ஆயிற்றே. நான் டிரைவரிடம் போய், அவரே கண்ணால் பார்த்தது எது என்று விசாரித்தேன். நாலைந்து நாளைக்கு முன் பாலத்தைத் தாண்டும்போது கால்வாய்ப் பக்கம் புகை பார்த்தாராம். கம்பெனி விஷயம் யாரோ சொல்லக் கேட்டது. புகை என்றால் குப்பை எரித்த புகையாகவும் இருக்கலாம். நைனாவிடம் அப்படித்தான் சொன்னேன். சொன்னேனே தவிர, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் பள்ளிக்கூடம் போகும் வழியில் மண்டி வாசலில் லாரி நின்றது. பனையோலையை மலை மாதிரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூரை மாற்ற ஓலை வாங்க வந்த பக்கத்து ஊர் அனந்தபுரத்து ஆள் ஒருவர், எல்லாம் மெட்ராசுக்குப் போகிறதாம், இங்கே ஒரு கட்டுகூட இல்லையாம் என்று முணுமுணுத்தபடி வெறுங்கையோடு திரும்பினார். உள்ளே போய் மண்டிக்காரரிடம் கேட்டேன்.

"மாடி வீடு கட்டற எடத்துக்கு இவ்ளோ ஓலை எதுக்குங்க?"

அவர் ஓலை ஏற்றுகிறவர்களைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எரிஞ்சி போச்சி டீச்சரம்மா. கால்வாய்க் கரையில முக்காவாசி. வெளிய சொல்லாதீங்க, கட்சிக்குக் கெட்ட பேரு."

"ஆளுங்க?"

"அது எனக்குத் தெரியாது. ஓலை கேட்டாங்க, அனுப்பறேன்."

வயலுக்கு ஓடி நைனாவைக் கூட்டிவந்து, அந்த லாரியிலேயே ஏற்றிவிடச் சொன்னேன். மண்டிக்காரர் மறுக்கவில்லை. கட்டியிருந்த வேட்டியோடு நைனா ஓலைப் பாரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து போனார்.

அதன் பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை. வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது என் காதில் எதுவும் விழாது. மணி அடித்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். அமாவாசை நெருங்கிவிட்டதால் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்ப்பேன். யாருமே அண்ணி இல்லை.

அமாவாசையன்று சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். முதலில் நைனா, பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு. பின்னால் அண்ணி. இடுப்பில் சின்னவள், பாதத்தில் துணிக்கட்டோடு. அண்ணியின் முன்பக்கத்து முடி பொசுங்கிப்போயிருந்தது. அண்ணன் இறங்கவில்லை. பஸ் காலியாகும் வரை படியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணியே சொன்னாள். "இருக்காரு. எடத்த உட்டுட்டு வந்தா வேற ஆளு கொட்டாய் போட்டுடுவான்னு அங்கியே குந்திகினு இருக்காரு."

சின்னவளை அண்ணியின் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

நெருப்பு யார் வைத்தது என்று பிறகு கேட்டேன். பட்டப்பகலில் பிடித்ததாம். கட்சிக்காரர்கள் ஒன்று சொன்னார்கள், போலீஸ் ஒன்று சொன்னது, பக்கத்து வீட்டுக்காரி யாரோ ஒருத்தியின் அடுப்பு என்றாள். "நான் பாக்கல. கொழந்தைங்கள தூக்கினு ஓடினது ஒன்னுதான் எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி.

மாடி வீடு வந்தது உண்மைதான். வேறொரு இடத்தில், பல வருஷம் கழித்து, மூன்றாவது மாடியில் அண்ணனுக்கு ஒரு அறையும் சமையல்கட்டும் கிடைத்தன. குழாயும் இருந்தது. மண்டிக்காரர் என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, தான் அன்றைக்கே சொன்னதை ஞாபகப்படுத்தினார். டிரைவரும் தான் சொன்னதுதான் நடந்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுக்கு நான் முதல் தடவை போனபோது அண்ணி கதவோரம் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் வைத்திருந்தாள். பேசிக்கொண்டிருக்கையில் கீழ்வீட்டில் யாரோ மிளகாய் வறுத்தார்கள். நெடி மேலே வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்துபோய், படிக்கட்டில் வழி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.