பித்தளைக் குண்டானில் வைத்த கற்றாழை

இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், "முருகா, நீயே துணை" என்று எழுதுவேன். அதோடு பேனா நின்றுவிடும். சாமி பேரை எழுதிய கையால் அடுத்த வரியில் என் தப்பை எழுத மனசு வரவில்லை. நான் எட்டாவது வரைதான் படித்தவன். விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்துப் பிழைத்தவன். எழுத்தில் குறை இருக்கும். சொல்வதில் பொய் இருக்காது.

எண்பதுகளில் என் ஒரே மகனுக்குத் திண்டிவனத்தில் பெண் எடுத்தோம். அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வரும்போது, சீர் சாமான் எல்லாம் லாரியில் வர, ஒரு மண்சட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அதில் சோற்றுக்கற்றாழைக் கன்று. அவள் அம்மா வீட்டுச் செடியிலிருந்து பிரித்தது. வாசல் கதவுக்கு உள்பக்கம், ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். கற்றாழையை நாங்கள் லட்சுமி என்போம். அது செழித்தால் வீடு செழிக்கும், அது வாடினால் வீட்டுக்கு ஏதோ வரப்போகிறது என்று பயப்படுவோம். அவள் வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர்தான் விடுவாள். செடி விறைப்பாக, பச்சைப்பசேலென்று ஏறியது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. லட்சுமிக்கு மண்சட்டியா? பரணில் கிடந்த பித்தளைக் குண்டானை இறக்கி, புளி போட்டு விளக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, செடியை அதில் மாற்றினேன். எங்கள் வீட்டில் கையளவு முருகன் விக்கிரகம் உண்டு. தினமும் காலையில் நான்தான் அபிஷேகம் செய்வேன். அந்தத் தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் கொட்டக் கூடாது. அதுவரை தோட்டத்து வாழைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து, பாலும் மஞ்சளும் கலந்த ஒரு செம்புத் தண்ணீர் முழுக்கக் கற்றாழைக்குத்தான். ஒரு நாள் தவறவில்லை. குண்டானுக்கு அடியில் ஓட்டை இல்லை என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை. பஞ்சர் ஒட்டுகிறவன் நான். ஓட்டை என்றால் அடைக்கத்தான் தெரியும்.

இரண்டு மாசத்தில் அடி இலைகள் மஞ்சளாயின. அப்புறம் பழுப்பு. மருமகள்தான் முதலில் சொன்னாள்.

"மாமா, தண்ணி ஜாஸ்தியாவுதுங்க. வெயில் மேல பட்டா எலை செவக்கும். தண்ணி பத்தலைன்னா மெலிஞ்சு சுருங்கும். இது மஞ்சளாகி, தொட்டா கொழகொழன்னு இருக்குது. உள்ள வேர் அழுகிப்போவுதுங்க."

"சாமி தண்ணி அழுக வைக்குமா? இன்னா பேச்சு பேசற நீ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். நான் மறுநாளிலிருந்து இரண்டு செம்பு ஊற்றினேன்.

அந்த மாசமே என் மகன் சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டு வந்தான். என் சம்சாரம் செடியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "தூரமா இருக்கறப்ப தொட்டிருப்பா. இல்லாட்டி நல்லா இருந்த செடி ஏன் இப்பிடி ஆவுது?" என்றாள். மாதவிலக்கு நாளில் பெண் கை பட்டால் செடி பட்டுப்போகும் என்று நம்புகிற வீடு எங்களுடையது. நானும் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? டீக்கடையில் வாயை விட்டேன்.

"மருமவ கை பட்டு வூட்டுச் செடி பட்டுப்போவுதுப்பா."

"செடியோட போச்சேன்னு இரு நைனா," என்றான் ஒருத்தன். "உன்னைத் தொட்டுடப் போறா, ஜாக்கிரதை!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் அவள் குந்திக்கொண்டிருந்தாள். கற்றாழை வேரோடு வெளியே கிடந்தது. குண்டானுக்குள் கறுப்புச் சேறு, சாக்கடை நாற்றம். கையில் கத்தி. கறுத்துப்போன வேரை அறுத்து அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது இரண்டாம் நாள். தனியாக உட்கார வேண்டியவள்.

"லட்சுமியைப் புடுங்கிப் போட்டியா?" என்று நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"காப்பாத்தத்தான் மாமா பண்றேன். இந்த வேரைப் பாருங்க, ஒரு தடவ பாருங்க," என்று இரண்டு கையாலும் நீட்டினாள். நான் பார்க்கவில்லை. தீட்டு ஒட்டிவிடுமென்று பின்னால் நகர்ந்தேன். கட்டுப்போட்ட கையோடு என் மகன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். அவன் அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் நானே அவளை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய்த் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றினேன். அவள் அழவில்லை. ஜன்னல் வழியாக ஒன்றுதான் சொன்னாள்: "நாலு நாள் நெழல்ல காயட்டும் மாமா. அப்புறம் பழைய மண்சட்டியில, பாதிக்குப் பாதி மணல் போட்டு வையுங்க. பத்து நாளைக்குத் தண்ணி காட்டாதீங்க."

நான் திரும்பிப் பார்க்காமல் கடைக்கு நடந்தேன்.

ஆனாலும் லட்சுமியைக் குப்பையில் போட பயம். ஐந்தாம் நாள் அந்த மண்சட்டியில், வீடு கட்டி மிஞ்சிய மணலையும் அள்ளிப் போட்டு, சும்மா நட்டு வைத்தேன். அன்று சாயங்காலமே பங்காளி வீட்டில் சாவு. எங்களுக்குப் பதினாறு நாள் தீட்டு. விளக்கு இல்லை, பூஜை இல்லை, அபிஷேகம் இல்லை. செடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

காரியம் முடிந்து வீடு கழுவினோம். முருகனுக்கு அபிஷேகம் செய்து, செம்பை எடுத்துக்கொண்டு செடியண்டை போனேன். நடுவில் ஒரு புது இலை, விரல் நீளம். தொட்டால் கல் மாதிரி இருந்தது. நல்ல பச்சை. செம்பும் கையுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகவைத்தது யார் கை என்று அப்போதுதான் தெரிந்தது. சாமி மேல் குற்றமில்லை. ஓட்டையில்லாத குண்டானும், கேட்காத காதும் என்னுடையவை.

அன்றைக்கே திண்டிவனம் போனேன். எனக்கு முன்னால் என் வார்த்தை போய்ச் சேர்ந்திருந்தது. சம்பந்தியம்மா உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. "எம்பொண்ணு செய்வினை வச்சி வூட்டுக்காரன் கையை ஒடிச்சிட்டாளாமே? மல்லாட்டை மண்டியில பேசிக்கினு இருக்காங்க. சின்னவளுக்கு வந்த இடமும் போயிட்ச்சி," என்றாள். நான் சொன்னது செடி. அது வாய்க்கு வாய் வளர்ந்து செய்வினை ஆகியிருந்தது.

மருமகள் வெளியே வந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி, தப்பு என்னுது, வாம்மா வீட்டுக்கு என்றேன்.

"செடி பொழச்சதால வந்தீங்க. செத்திருந்தா?"

மறுபடியும், தப்பு என்னுதுதான் என்றேன்.

"எங்கிட்ட சொல்லி இன்னா மாமா ஆவப்போவுது? டீக்கடையில சொன்னீங்களே, அங்கயே போயி இதையும் சொல்லுங்க. அப்புறம் வந்து கூப்பிடுங்க, வர்றேன்."

சொல்கிறேன் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். மஞ்சளான அந்தப் பழைய இலைகளாவது திரும்பப் பச்சையாகுமா என்று, கிளம்பும்போது என்னவோ தோன்றிக் கேட்டேன். "ஆவாதுங்க. அறுத்துத்தான் போடணும்," என்றாள்.

டீக்கடைக்குப் போனேன். டீ குடித்தேன். வந்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. "சாமி தண்ணிய கொற சொல்லப் போறியா? ஊரு சிரிக்கும்," என்று சம்சாரம் தடுத்தாள் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் தடுத்தாள் என்பது நிஜம். ஆனால் வாய் என்னுடையது. ஒரு வருஷம் போயிற்று. பெரியவர்களை வைத்துக் கல்யாணத்தை அத்துவிட்டார்கள். என் மகனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தோம். திண்டிவனத்துப் பெண்ணுக்கு அப்புறம் வரன் எதுவும் வரவில்லை. மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை உடைக்கிற கூலி வேலைக்குப் போய்க்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள்.

சமீபத்தில் அவள் இறந்துபோனாள். போனேன். பந்தலுக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் நின்றேன். பக்கத்தில் ஒரு கிழவி இன்னொருத்தியிடம் சொன்னாள்: "பாவம். பச்சை செடியப் பார்வையாலயே கருக்கினவளாம், உனக்குத் தெரியாதா?"

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதுதான் அவளுக்குப் பேர். அப்போதும் நான் அந்தக் கிழவியிடம் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து இந்த நோட்டை எடுத்தேன்.

படிக்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு. இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், முக்கியமாக விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும். ஆனால் ஒன்றும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். வயசானவன், பக்தியில் செய்துவிட்டான் என்று எனக்காக இரக்கப்பட்டு ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். செடியை அழுகவைத்தது மாமனார். அதைப் பிழைக்கவைத்தது மருமகள். இப்படியே சொல்லுங்கள்.