விரதத்துக்கு ரவை உப்புமா

யுத்த காலத்தில் பம்பாய் ஆஸ்பத்திரிகளில் இருந்த நர்ஸுகளில் பாதிப் பேர் கப்பலேறிப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்குக் கைகொடுக்க வாலண்டியர்கள் வேண்டும் என்று கேட்டார்கள். மெட்ரிக் முடித்துவிட்டு மாதுங்காவில் சும்மா உட்கார்ந்திருந்த நான் போய் நின்றேன். வயது இருபத்திரண்டு. இங்கிலீஷ் வரும், ஹிந்தி வரும், வாயும் கொஞ்சம் நீளம்.

அப்பாவுக்கு ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை. யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அம்மா மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். "வந்த உடனே நேரே குளிக்கப் போகணும். நடுவிலே ஒண்ணையும் தொடப்படாது, ஆமாம்." அதற்கென்ன, குளித்தால் போயிற்று என்றேன்.

மூன்றே மாதத்தில் கட்டுப் போடுவது, ஜுரம் பார்ப்பது, பெட்பேன் எடுப்பது எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. வெள்ளைக்கார மேட்ரன் யாரையும் புகழாதவள். ஆனால் தமிழ் பேசும் நோயாளி யார் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவாள். நான் சொன்னால் சொன்னதுதான் என்று வார்டு முழுக்கப் பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேரில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அப்படித்தான் தாராவியிலிருந்து வந்த ஒருவர் என் பொறுப்பில் விழுந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தோல் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். குடலிறக்கம். சனிக்கிழமை காலை ஆபரேஷன் என்று முடிவானது. வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும், விளக்கிச் சொல்லிவிடு என்றாள் மேட்ரன். நான் அவரிடமும் அவர் மனைவியிடமும் சொன்னேன்: "நாளைக்குக் காலம்பற விரதம் மாதிரி இருக்கணும். சோத்தைத் தொடவே கூடாது. புரிஞ்சுதா?"

"சரிம்மா, தொடமாட்டாவ" என்றாள் அந்த அம்மாள்.

மறுநாள் காலையில் கேட்டேன். "ஒரு பருக்க தொடல, தாயி" என்றார் அவர். சார்ட்டில் 'ஒன்றும் சாப்பிடவில்லை' என்று அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன். டிராலி வந்தது. அவரை ஏற்றித் தியேட்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கட்டிலடியில் அவர் மனைவி ஒரு தூக்குவாளியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கடுகும் கறிவேப்பிலையும் ஒட்டியிருந்தன.

"இது என்ன?"

"ரவை உப்புமாம்மா. விரதத்துக்கு எங்க வீட்டுல அதான். வெள்ளனயே கொண்டாந்து குடுத்தேன். வயிறு நெறயச் சாப்பிட்டாவ."

அவளை என்ன சொல்ல? எங்கள் வீட்டு ஏகாதசியும் அதேதான். அரிசிச் சாதம் கிடையாது, அதற்குப் பதில் உப்புமா, தொட்டுக்கொள்ளச் சட்னி, மேலே ஒரு டம்ளர் காபி. அதை முடித்து ஏப்பம் விட்டுவிட்டு 'இன்றைக்குப் பட்டினி' என்போம். இருபத்திரண்டு வருஷம் அப்படி விரதம் இருந்தவள் நான். அதே விரதத்தைத்தான் அவருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். வயிறு நிறைந்த மனிதருக்கு மயக்க மருந்து கொடுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய் ஆளே போய்விடலாம் என்று மேட்ரன் முதல் வாரமே பாடம் நடத்தியிருந்தாள்.

வராந்தாவில் ஓடினேன். வாலண்டியர்கள் ஓடக்கூடாது என்று அங்கே சட்டம். தியேட்டர் கதவைத் தள்ளியபோது மயக்க மருந்து டாக்டர் முகமூடியைக் கையில் எடுத்திருந்தார். "நிறுத்துங்கள், அவர் சாப்பிட்டிருக்கிறார்!" என்று கத்தினேன். மேட்ரன் சார்ட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இது உன் கையெழுத்துதானே?"

"என்னுடையதுதான். தப்பும் என்னுடையதுதான்."

வெளியே கூட்டிப் போய் என்னைக் கிழிகிழியென்று கிழித்தாள். நான் ஒன்றுக்கும் பதில் பேசவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம். கடைசியில், ஆபரேஷன் நாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது, நாளையும் அவர் வயிற்றுக்கு நீயே பொறுப்பு, இன்னொரு தப்பு நடந்தால் வீட்டோடு இரு என்றாள்.

அவர் மனைவி சுவரோரம் அழுதுகொண்டிருந்தாள். "நானே அவியளக் கொன்னுருப்பேனேம்மா."

"நீங்க இல்லை. நான்" என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, இந்த முறை விரதம் என்ற பேச்சையே எடுக்காமல் சொன்னேன். சோறு, உப்புமா, காபி, பழம், பால், தண்ணீர், வெற்றிலை எதுவும் வாய்க்குள் போகக்கூடாது. அவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். இரண்டு தரம் சொன்னாள்.

அன்று இரவு நானும் சாப்பிடவில்லை. காலையில் காபியும் குடிக்காமல் முதல் லோக்கலைப் பிடித்தேன். எனக்கு முன்பே அவள் வந்து கட்டிலருகே காவல் நின்றாள். பார்த்தாலே தெரிந்தது, அவளும் எதுவும் தொடவில்லை. சர்ஜன் வந்தார். சார்ட்டைக் கையில் எடுக்காமல் என்னைக் கேட்டார், "ஏதாவது சாப்பிட்டாரா?"

"தண்ணீர்கூட இல்லை" என்றேன்.

மத்தியானம் அவர் கண் விழித்தார். மனைவியைத் தேடிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப் போனார். பிழைத்துவிட்டார் என்று மேட்ரனே வந்து சொன்னாள். அப்போதுதான் என் பசி எனக்குத் தெரிந்தது. அவர் மனைவி வராந்தாவில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். அதே ரவை உப்புமா. என் முகத்தைப் பார்த்தாள், என் நெற்றியிலிருந்த ஸ்ரீசூர்ணக் கோட்டைப் பார்த்தாள், தயங்கினாள்.

"எங்க வீட்டுதும்மா. நீங்க சாப்பிடுவியளா?"

பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன். ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம்.

சாயங்காலம் வீட்டு வாசலில் நின்றபடியே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உப்புமா உட்பட. அம்மா குளியலறையைக் கை காட்டினாள். குளித்தேன். ஆனால் வயிற்றில் இருந்ததை எந்தத் தண்ணீரும் தொடவில்லை.