எட்டுக் குடையும் என் பாடும்

ஃபேன், மிக்சி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் வீடு தேடிப் போய் ரிப்பேர் செய்து தருகிறேன் என்று பழவேற்காடு ஏரிக்கரையில் தொழில் தொடங்கினேன். உப்புக்காற்று தின்னாத ஃபேன் இந்தப் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. பிழைப்புக்குப் பஞ்சமிருக்காது என்று நம்பினேன். மூன்று மாதத்தில் கூப்பிட்டது இரண்டே வீடு. அதில் ஒன்று என் மாமியார் வீடு.

என் மனைவியின் அண்ணன் சென்னையில் இதே தொழிலில் கடை வைத்திருக்கிறார். அவர் ஒரே போடாகப் போட்டார்.

"பொங்கலுக்குள்ள பத்து வீடு புடிங்க மாப்ள. இல்லேன்னா மூட்டையக் கட்டிக்கினு நம்ம கடைக்கு வந்துடுங்க."

அந்தக் கடையில் அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் நிற்பார்கள். தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கோ மூக்குமேல் கோபம். அங்கே போனால் நான் ஒரு வாரம் தாங்கமாட்டேன். அதன்பின் சொந்தபந்தமும் தாங்காது.

பேரும் நம்பரும் போட்டு ஏதாவது இலவசமாகக் கொடுத்தால் ஜனங்கள் மறக்கமாட்டார்கள் என்றார்கள். முதலில் சாவிக்கொத்து கொடுத்தேன். நாங்கள் இருக்கும் கோட்டைக்குப்பத்தில் பகலில் வீட்டைப் பூட்டுகிறவர் யார்? பிள்ளைகள் அதைக் கயிற்றில் கட்டி நண்டு பிடிக்கக் கொண்டுபோனார்கள். ஒரு நண்டும் என்னைக் கூப்பிடவில்லை.

அடுத்துதான் குடை. பாலத்தருகே வெயிலில் மீன் விற்கிற பெண்களுக்கு, கடைகளில் நிறுத்திவைக்கிற பெரிய குடைகள் எட்டு வாங்கினேன். சுற்றிவர என் தொழிலும் நம்பரும் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தன. விற்பவர்கள் இருபத்து நாலு பேர். யார் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது என்று விசாரித்து, அந்த எட்டுப் பேருக்கு மட்டும் கொடுத்தேன். இவ்வளவு மூளை எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று நானே வியந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் எட்டுக் குடையும் மடித்தபடி என் வீட்டு வாசலில் கிடந்தன.

எனக்கு வந்ததே கோபம்! எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன்.

"வேணாம்னா வாயால சொல்றது! வாசல்ல போட்டுட்டுப் போனா இன்னா அர்த்தம்?"

அவர்களில் மூத்தவர், இறால் விற்கும் அக்கா, தராசைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கத்தாத நைனா. ஏரில எங்காளுங்க எப்படி வலை போடறாங்கோ, தெரியுமா? சீட்டு குலுக்கி, யார் பேரு வருதோ அவனுக்கு அன்னிக்குப் பாடு; பாடுன்னா மொறை. எந்த எடத்துல நெறைய மீனு கெடைச்சாலும் மொறை மாறிக்கினே இருக்கும். தண்ணில அப்படி இருக்க சொல்ல, நீ கரைக்கு வந்து ஆள் பாத்துக் குடை குடுப்பியா? மத்தவளுங்க மூஞ்சில முழிக்க முடியாம அந்த எட்டுப் பேரும் ராத்திரி சோறு துன்னல, போ."

நான் நெல் விளைகிற ஊர்க்காரன். எங்கள் பக்கம் அவனவன் வரப்பு அவனவனுக்கு. குடை கொடுத்து ஒரு ஊரையே பட்டினி போட முடியும் என்று யாருக்குத் தெரியும்? வெட்கமாகிவிட்டது. "நீங்களே சீட்டு போட்டுக்கோங்க அக்கா" என்றேன்.

வாரத்துக்கு ஒருமுறை சீட்டு, நாளுக்கு எட்டுப் பேர் என்று முறை வைத்தார்கள். அன்று முதல் என் போன் ஓயவில்லை. ஐயோ, அத்தனையும் குடைப் பஞ்சாயத்து! குடையில் இருப்பது என் நம்பர்தானே?

"அண்ணே, இன்னிக்கு என் பாடு. அவ குடைய வுட மாட்டேன்றா."

"நைனா, மழ பேஞ்ச நாளு கணக்குல சேருமா?"

ரிப்பேர்க்காரன் போய்க் குடை நாட்டாமை ஆனேன். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கார்த்திகையில் அடித்த காற்றில் இரண்டு குடைகளின் கம்பி முறிந்தது. கம்பி மாட்ட ஒரு வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து கிளம்பும்போது, "வந்ததே வந்த, இந்த மிக்சியையும் பாத்துட்டுப் போ" என்றார் அந்த வீட்டுப் பெண். மிக்சி ஓடியது. அடுத்த வீட்டில் குடைத்துணி கிழிந்திருந்தது; அங்கே ஃபேனும் நின்றுபோயிருந்தது. இப்படியே வீடுகள் ஏழு, எட்டு, ஒன்பது ஆயின. ஒன்பதோடு நின்றுவிட்டன. போகிக்கு நான்கு நாள் இருக்கும்போது எங்களைக் கூட்டிப்போக மச்சான் பைக்கில் வந்து இறங்கினார். என் மனைவி துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

சொல்லாமல் போகக் கூடாதே என்று மச்சானையும் அழைத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். அன்று புதுச் சீட்டு போட்டு முடித்திருந்தார்கள். ஏழு குடைகளின் கீழே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாவது விரித்தபடி காலியாக நின்றது.

"எங்க போய்த் தொலைஞ்ச?" என்றார் இறால் அக்கா. "வந்து குந்து. இன்னிக்கு உன் பாடு."

"எனக்கா? என்கிட்ட மீன் ஏதுக்கா?"

"மீனு எதுக்கு? உன் பேரையும் எழுதிப் போட்டோம், மொத ஆளா வந்துச்சு. மிக்சி கிக்சி வச்சிருக்கறவளுங்க இங்கியே எடுத்தாரட்டும்."

நான் வாங்கிய குடையின் கீழே, முறைப்படி, முதல்முறையாக உட்கார்ந்தேன். மச்சானுக்கு வெயில் தாங்கவில்லை. மெல்ல நகர்ந்து நிழலுக்குள் ஒரு காலை வைத்தார்.

"யோவ் சென்னை! சீட்ல உன் பேரு இருக்குதா? வெளிய நில்லு!" என்று நாலு பக்கமும் சத்தம் கிளம்பியது.

நான் உட்கார்ந்திருந்தேன். மச்சான் நின்றுகொண்டிருந்தார்.

"இவரு நாளைக்கு எங்கூட சென்னைக்கு வராரு" என்றார் வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்த வாரச் சீட்லயும் இவன் பேரு கீது. பாடு இருக்க சொல்ல வுட்டுட்டு எவனாவது போவானா? இந்தா நைனா, பொங்கலுக்குள்ளயே எங்கூட்டு ஃபிரிட்ஜ வந்து பாரு. ஐஸே புடிக்க மாட்டேன்னுது."

அது பத்தாவது வீடு. எனக்குக் கண் கலங்கி மூக்கும் அடைத்துக்கொண்டது. பக்கத்தில் கருவாடு காய்கிறது, அந்த நெடி என்று மச்சானிடம் சொன்னேன்.